இரவில் வந்தவரின் மறுபிறப்பு

பாஸ்கா காலத்தின் இரண்டாம் வாரத்திலே, திங்கள் முதல் புதன் வரை திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி, ஓர் இரவு நேர உரையாடலாகும். பரிசேயரும் யூதத் தலைமைச் சங்க உறுப்பினருமான நிக்கதேம், இருள் சூழ்ந்த பின்னர் இயேசுவைத் தேடி வருகின்றார். கற்றவர், மதிப்புள்ளவர், வயதில் முதிர்ந்தவர். பகலில் வந்திருந்தால் ஊர் பேசியிருக்கும்.

மனிதன் மறுபடியும் பிறந்தாலொழிய இறையாட்சியைக் காண இயலாது என்று ஆண்டவர் அவருக்குக் கூறுகின்றார். கிரேக்க மூலத்தில் இங்கே உள்ள 'அனோதென்' என்ற சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் 'மேலிருந்து' என்றும் இரு பொருள்கள் உண்டு. நிக்கதேம் முதலாவது பொருளை மட்டுமே பற்றிக்கொண்டு, முதியவன் தாயின் வயிற்றுக்குள் எவ்வாறு திரும்பவும் புகுவான் என வினவுகின்றார். ஆண்டவரோ தண்ணீராலும் தூய ஆவியாலும் வரும் பிறப்பைப் பற்றிப் பேசுகின்றார். காற்றின் ஓசை கேட்கும், ஆனால் அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. ஆவியால் பிறந்தவரும் அவ்வாறே என விளக்குகின்றார். கிரேக்க மொழியில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான். எமது தமிழிலும் 'ஆவி' என்பது மூச்சையும் உயிரையும் சேர்த்தே குறிப்பதால், இவ்விடத்தை நாம் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

பின்னர் ஆண்டவர் எண்ணிக்கை நூலின் 21ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகின்றார். பாலைநிலத்தில் பாம்பு கடித்தவர்கள், மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். மானிட மகனும் அவ்வாறே உயர்த்தப்பட வேண்டும். அவரில் நம்பிக்கை கொள்பவர் நிலைவாழ்வு பெறுவார். இதற்கு நிக்கதேம் என்ன பதிலுரைத்தார் என்பதைப் புனித யோவான் எழுதவில்லை. 9ஆம் வசனத்தில் ஒரு கேள்வியைக் கேட்ட பின்பு அவரது குரல் அவ்வதிகாரத்தில் மறுபடியும் ஒலிப்பதில்லை.

7ஆம் அதிகாரத்தில் மீண்டும் அவரைக் காண்கின்றோம். இயேசுவைப் பிடிக்க அனுப்பப்பட்ட காவலர் வெறுங்கையுடன் திரும்பியதும் தலைவர்கள் கொதித்தெழுகின்றனர். ஒருவரை விசாரியாமல் தீர்ப்பிடுவதற்கு எமது சட்டம் இடமளிக்கிறதா என நிக்கதேம் கேட்கின்றார். நீரும் கலிலேயரோ என்ற ஏளனமே அவருக்குக் கிடைக்கின்றது. தாம் அவரை நம்புவதாக அவர் சொல்லவில்லை. சட்டத்தின் மறைவில் நின்றே பேசினார். எனினும் இதனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. சபை முழுவதும் ஒருவரைத் தூற்றும் வேளையில் வாய் திறப்பது எத்துணை கடினமென்பதை, உறவினர் கூடும் வீடுகளிலே நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம்.

மூன்றாவது முறை அவர் தோன்றுவது 19ஆம் அதிகாரத்தில். சீடர்களுள் பெரும்பாலானோர் அங்கில்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் உடலைக் கேட்டுப் பெறுகின்றார். நிக்கதேம் வெள்ளைப்போளமும் நறுமணத்தூளும் கலந்த கலவையைச் சுமந்து வருகின்றார். நூறு இராத்தல் என்பது மூலத்தின் அளவு. இன்றைய கணக்கில் 30 கிலோவுக்குச் சற்று அதிகம். மறைத்துக் கொண்டுவரக்கூடிய பொதி அன்று அது.

அந்த நாளையும் கவனிக்க வேண்டும். யோவானின் கணக்குப்படி அது பாஸ்காவுக்கான ஆயத்த நாள். தீட்டுப்பட்டால் பாஸ்கா உணவை உண்ண முடியாதென்பதற்காகத் தலைவர்கள் அன்று காலையில் பிலாத்துவின் மாளிகைக்குள்ளும் நுழையவில்லை. பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள்கள் தீட்டுள்ளவன் என்கிறது எண்ணிக்கை நூல். தூய்மை விதிகளையே வாழ்வாகக் கொண்ட இந்தப் பரிசேயர், மாலையில் அந்தத் திருவுடலைத் தம் கைகளால் சுற்றிக் கட்டுகின்றார். அவ்வாண்டின் பாஸ்கா விருந்தும், சங்கத்தில் அவருக்கிருந்த மதிப்பும் அந்தக் கைகளோடு போயின. அன்றிரவு கேட்ட வார்த்தைக்கு இதுவே அவரது பதில் என்று நான் வாசிக்கின்றேன். உயர்த்தப்பட்டவரை அவர் நோக்கிப் பார்த்தார், பிறந்தார்.

நாமோ கைக்குழந்தைகளாயிருக்கையிலே திருமுழுக்குப் பெற்றவர்கள். அதற்கான சான்றிதழ் பாடசாலை அனுமதிக்கும் திருமணத்திற்கும் தேடி எடுக்கப்படுகின்றது. திருமுழுக்கு அருளும் புதுப்பிறப்பு மெய்யானதே. ஆனால் அதற்கு வேண்டிய விசுவாசம் முதிர்ந்த விசுவாசமன்று, வளர வேண்டிய தொடக்கம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி 1253ஆம் எண்ணில் கற்பிக்கின்றது. ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பில், எரியும் திரிகளைக் கையிலேந்தி அவ்வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது இதற்காகவே.

அவ்விரவிலே 'விட்டு விடுகிறேன்', 'விசுவசிக்கிறேன்' என்று சத்தமாகவே சொல்லுகின்றோம். காணி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரன் இரண்டு வாங்கு தள்ளி நின்று அதையே சொல்லுகின்றான். மறுநாள் அவனுடைய படலையைத் திறந்து உள்ளே போனால், எம் பக்கத்தவர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் எமக்கு. மகனுக்குச் சீதனம் வேண்டாமென்று மனதுக்குள் தீர்மானித்த தந்தையும், உறவினர் முன்னிலையில் அதைச் சொல்லத் தயங்குகின்றார். நிக்கதேமுக்கும் இரவிலிருந்து பகலுக்கு வரக் காலம் எடுத்தது. ஆண்டவர் அவரை விரட்டவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் நிக்கதேம் எங்கிருந்தார் என்று நற்செய்தியில் இல்லை. கல்லறைக்குள் நுழைந்த பேதுருவும் மற்றச் சீடரும் கண்டவை, அவரும் யோசேப்பும் சுற்றிக் கட்டிய துணிகளே.