ஒரு சொட்டுப் பெற்றோலும் ஒரு பழைய காரும்

பழைய வீடொன்றைப் புதுக்கப் புகுகின்றவர், எந்தச் சுவரை இடிக்கலாம், எந்தச் சுவர் கூரையைத் தாங்கி நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். பழைய யந்திரமொன்றைப் புதுக்குகின்றவருக்கும் இவ்விதி பொருந்தும். இதற்கு உதாரணமாக, இங்கிலாந்திலே பிறந்த ஒரு காரின் கதையை இன்று எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிகளில் ஆர்வமுள்ள இளைஞருக்கு மாத்திரமன்றி, பௌதிகம் பயிலும் மாணவருக்கும் இக்கதையிலே கற்கத்தக்கவை பல உள.

கொவென்றி நகரிலே கார்களைக் கட்டிவந்த ட்றையம்ப் நிறுவனம், 1967ஆம் ஆண்டில் ரி.ஆர். 5 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. காபரேற்றரை நீக்கி, பெற்றோலை அளந்து பீச்சும் கருவியைப் பொருத்தித் தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் இதுவேயாம். இதனைத் தொடர்ந்து வந்த ரி.ஆர். 6, 1968ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 1976 வரை செய்யப்பட்டது. மொத்தம் 90,000க்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றன. அங்கு நிலவிய புகைக்கட்டுப்பாட்டுச் சட்டங்களின் பொருட்டு அவற்றுக்குக் காபரேற்றர்களே பொருத்தப்பட்டன. பிரித்தானியாவில் விற்கப்பட்டவையோ லூக்காஸ் நிறுவனத்தார் செய்த பீச்சுங் கருவியைத் தாங்கின.

அரை நூற்றாண்டு கடந்தும் இக்கார்கள் வீதியில் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர் முன் நிற்கும் வினா ஒன்று: பழைய லூக்காஸ் கருவியைப் பழுதுபார்த்து வைத்திருப்பதா, அன்றி அதனைக் கழற்றிவிட்டு இலத்திரனியல் முறையிலே பெற்றோல் பீச்சும் ஏற்பாட்டைப் பொருத்துவதா? தவறாக விடை காண்பவர் பணத்தை இழப்பார். சிலவேளை எஞ்சினையும் இழப்பார்.

எஞ்சினின் பசி

முதலில் எஞ்சினுக்கு வேண்டிய உணவின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ரி.ஆர். 6இன் எஞ்சின் ஆறு உருளைகளைக் கொண்டது. அதன் மொத்தக் கனவளவு 2498 கன சென்ரிமீற்றர். எனவே ஓர் உருளையின் பங்கு ஏறக்குறைய 416 கன சென்ரிமீற்றர். அது முற்றாக நிரம்பினால் உட்செல்லும் காற்றின் நிறை அரைக் கிராம் அளவாகும். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே அந்த அரைக் கிராம் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் 34 மில்லிகிராம் மாத்திரமே. அதாவது, ஒரு சிறு சொட்டு!

எஞ்சின் நிமிடத்துக்கு 5000 முறை சுழலும்போது ஆறு உருளைகளும் சேர்ந்து ஒரு செக்கனில் 250 சொட்டுக்களைக் கேட்கின்றன. சொட்டு ஒவ்வொன்றும் அளவாக இருத்தல் வேண்டும். குறைந்தால் கலவை மெலியும். முழுப் பாரத்துடன் ஓடும் எஞ்சினில் மெலிந்த கலவை வெப்பத்தைப் பெருக்கிப் பிஸ்டனின் தலையை உருக்கிவிடவுங் கூடும். கூடினால் கரும்புகை எழும். எரியாத பெற்றோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். இரண்டும் தீமையே.

லூக்காஸ் கருவியின் நுட்பம்

மின்சாரக் கணிப்பு எதுவுமின்றி இச்சொட்டை லூக்காஸ் பொறியியலாளர் அளந்த விதம் வியக்கத்தக்கது. காரின் பிற்பகுதியில், சாமான் வைக்கும் அறையிலுள்ள மின் பம்பி பெற்றோலைச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 105 இறாத்தல் அமுக்கத்தில் முன்னே தள்ளுகிறது. காரின் ரயரிலுள்ள அமுக்கத்தைப் போல் இது மூன்று மடங்குக்கும் அதிகம். முன்னே உள்ள அளவு கருவியில் ஒரு சுழலி, எஞ்சினின் வேகத்தில் அரைப்பங்கு வேகத்துடன் சுழல்கிறது. அதனுள்ளே ஒரு சிறு உலோகத் துண்டு, நெசவுத் தறியின் நாடாப்போல இரண்டு தடைகளுக்கிடையே அங்குமிங்கும் ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டமும் ஓர் உருளைக்கு ஒரு சொட்டை அனுப்புகிறது. தடைகளின் இடைவெளி குறுகினால் சொட்டுச் சிறுக்கும். விரிந்தால் சொட்டுப் பெருக்கும்.

இடைவெளியைத் தீர்மானிப்பது யாது? எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்வழிக் குழாயில் உண்டாகும் வெற்றிடமே. சாரதி மிதியை விட்டால் காற்று மடல்கள் மூடிக்கொள்ளும், வெற்றிடம் வலுக்கும், சொட்டுச் சிறுக்கும். மிதியை அழுத்தினால் மடல்கள் திறக்கும், வெற்றிடம் தளரும், வில்லொன்று தடையைத் தள்ளிச் சொட்டைப் பெருக்கும். கருவி காற்றை நேராக அளப்பதில்லை. வெற்றிடத்தைப் பார்த்துக் காற்றின் அளவை ஊகிக்கிறது என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ளல் வேண்டும். இக்கருவியின் பெருமையும் குறையும் இந்த ஊகத்திலேயே அடங்கியுள்ளன.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

லூக்காஸ் கருவிக்கு அக்காலத்தில் நற்பெயர் கிட்டவில்லை. கோடையிலே பின் பம்பி சூடேறிப் பெற்றோல் ஆவியாகி, கார் நடுவீதியில் நின்றுவிடும். பம்பியின் மோட்டர், கண்ணாடித் துடைப்பானின் மோட்டர் வழிவந்தது. ஓயாது உழைக்க அது அவ்வளவாக ஏற்றதன்று. உறைந்த பட்டாணிப் பையைப் பம்பியின்மேல் வைத்து அதனைக் குளிரச் செய்த கதைகளை இக்கார்களின் சொந்தக்காரர் இன்றும் சிரித்துச் சொல்லிக்கொள்வர்.

ஆயினும் கரும்புகைக்கும் தடுமாற்றத்துக்கும் அளவு கருவி மீது சுமத்தப்பட்ட பழியிற் பெரும்பகுதி நியாயமானதன்று. காற்று மடல்களின் தண்டு தேய்ந்து காற்று கசிந்தால் வெற்றிடம் தளரும். வால்வுகளின் இடைவெளி பிழைத்தாலும், தீப்பொறி பிந்தி விழுந்தாலும் வெற்றிடம் தளரும். கருவியோ, சாரதி மிதியை அழுத்திவிட்டார் என்று எண்ணி அதிக பெற்றோலை அனுப்பும். பொய்ச்செய்தி பெற்ற தூதன் பொய்யையே சென்று சொல்வான். தூதனை மாற்றுவதால் மாத்திரம் செய்தி உண்மையாகிவிடாது.

இக்காரணத்தாற்றான், புதிய ஏற்பாட்டை வாங்குமுன் பழைய எஞ்சினைச் சோதித்தல் அவசியமாகிறது. உருளைகளின் அமுக்கத்தை அளந்து, வால்வுகளைச் சரிசெய்து, தீப்பொறியின் நேரத்தைத் திருத்தி, காற்றுக் கசிவை அடைத்த பின்னர், அநேக கார்கள் பழைய கருவியுடனேயே செவ்வையாக ஓடத் தொடங்கும். பின் பம்பியை மாத்திரம் பொஷ் நிறுவனத்தாரின் உறுதிவாய்ந்த பம்பியாக மாற்றி நிறைவு கண்டோர் பலர்.

இலத்திரனியல் முறை

எனினும் ஊகிக்கும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. வலுவைப் பெருக்கும் பொருட்டுக் கேம் தண்டை மாற்றினால் வெற்றிடத்தின் தன்மையும் மாறும். அளவு கருவியைக் கழற்றி, சோதனை மேசையிலே மீண்டும் சீர்செய்ய வேண்டிவரும். மேலும் அது காற்றின் வெப்பநிலையை அறியாது. இத்தாலியிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீற்றர் உயரமுள்ளது. அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கே. அத்தகைய மாறுதல்களுக்கெல்லாம் ஈடுகொடுக்க வல்லது இலத்திரனியல் முறையாகும்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் பெண்டிக்ஸ் கருவியைச் சில கார்களிற் பொருத்திப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. ரி.ஆர். 5 தோன்றிய அதே 1967ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் இலத்திரனியற் கருவியை வொல்க்ஸ்வாகன் காரிற் பொருத்தி வெற்றி கண்டது. எதிர்காலம் இவ்வழியே சென்றது.

ரி.ஆர். 6இல் இதனைப் பொருத்துவோர் எஞ்சினின் முன்புறக் கப்பியிலே பற்சில்லொன்றைப் பூட்டுவர். 36 பற்களுக்குரிய இடத்தில் ஒரு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒரு பல்லுக்குப் பத்துப் பாகை; வெற்றிடமாக உள்ள இடம் கணக்கின் தொடக்கம். இதனால் எஞ்சின் எந்நிலையில் நிற்கிறது என்பதைச் சிறு கணினி அறிகிறது. காற்று மடலின் திறப்பு, காற்றின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை ஆகியவற்றை வேறு உணரிகள் தெரிவிக்கும். புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் உணரி, எரிந்து முடிந்த கலவை மெலிந்ததா செறிந்ததா என்று சாட்சி சொல்லும். கணினி இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, பீச்சுமுனையைச் செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரம் திறந்து மூடும். அமுக்கமும் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 43 இறாத்தல் போதுமானது.

ஆனால் கணினியிலுள்ள அட்டவணையை நிரப்புவது மனிதனே. அனுபவமுள்ள ஒருவர், காரை உருளைகளின்மேல் ஓடவிட்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் பாரத்துக்கும் உரிய அளவை அளந்து எழுதுதல் வேண்டும். வேறொரு காரின் அட்டவணையை இரவல் வாங்கி ஓடுவது, பிறருடைய மூக்குக்கண்ணாடியை அணிந்து நடப்பதை ஒக்கும்.

காற்றும் தீயும்

காற்று வரும் வழியையும் கவனித்தல் வேண்டும். இக்காரின் மூல அமைப்பிலே காற்று முன்புறத்திலிருந்து குளிர்ச்சியாக வந்தது. சிலர் அப்பெட்டியை அகற்றிவிட்டு, மூடியின் கீழே அழகிய திறந்த வடிகட்டிகளைப் பூட்டுவர். ஓசை கம்பீரமாகவே இருக்கும். ஆனால் 20 பாகையில் வந்த காற்று இப்போது எஞ்சினின் சூட்டில் 50 பாகையாக வருமானால், வாயு விதிப்படி அதன் அடர்த்தி 293க்கு 323 என்னும் விகிதத்திற் குறையும். பணங் கொடுத்து ஒன்பது வீதக் காற்றை இழந்தவாறாயிற்று! காதுக்குக் கிடைத்த இன்பம் சில்லுக்குக் கிடைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது உயிர் பற்றியது. 2021 செப்ரெம்பர் முதல் பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய இறப்பர்க் குழாய்கள் இதனால் மெதுமையாகி வெடிப்பதுண்டு. லூக்காஸ் அமுக்கத்தில் வெடிக்கும் குழாய், சூடான எஞ்சின்மேல் பெற்றோலைத் தாரையாகப் பீச்சும். பழைய கருவியை வைத்திருப்பவராயினும் புதியதைப் பொருத்துபவராயினும், எதனோலைத் தாங்கும் குழாய்களையும் முத்திரைகளையும் முதலில் இடுதல் வேண்டும். எஞ்சின் நின்றவுடன் பம்பியும் தானாக நிற்கும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். ஏனைய செலவுகள் இவற்றின் பின்னரே வரத்தக்கவை.

எது நன்று? மூலக் கேம் தண்டுடன், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்பமாக ஓட்டுவதற்குக் காரை வைத்திருப்பவருக்கு, நன்கு பழுதுபார்த்த லூக்காஸ் கருவியே போதும். அது ஒரு காலத்தின் கைவண்ணமுமாகும். எஞ்சினை மாற்றியமைத்து வலுவைத் தேடுபவருக்கும், நெடுந்தூரம் பல நாடுகளிற் செல்பவருக்கும் இலத்திரனியல் முறை தக்கது. அவரும் கழற்றிய உறுப்புக்களை எண்ணெய் பூசி, பெயரெழுதிப் பெட்டியிலிட்டுப் பாதுகாப்பாராக. நாளைக்கு அக்காரை வாங்குபவரோ, அவருடைய பிள்ளைகளோ, ஒரு சொட்டுப் பெற்றோலைக் கணினியின்றி மனிதன் அளந்த விதத்தைக் கையிலெடுத்துப் பார்க்க விரும்புதல் கூடும்.