மழை பெய்யாத ஊருக்கு வரும் வெள்ளம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாக இந்திய வானிலை ஆய்வு மையம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. நாளிதழில் வந்து சேரும்போது அது கடலோர மாவட்டங்களுக்கும் மலை மாவட்டங்களுக்கும் சொன்ன செய்தி போல ஆகிவிடுகிறது. புயல் எங்கே கரை கடக்கும், எந்த மலைப்பாதையில் மண் சரியும் என்பதோடு செய்தி முடிகிறது. கடலும் மலையும் இல்லாத நெமிலி வட்டத்தில் அதைப் படிப்பவர், நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டுகிறார். ஆனால் ராணிப்பேட்டை மாவட்டத்தின் இந்தக் கிழக்கு மூலைக்குக் காற்று கடற்கரையிலிருந்தும் வெள்ளம் மலையிலிருந்தும் வருகிறது. இரண்டு அறிவிப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டிய ஊர் இது.

நெமிலி குசத்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரிலிருந்து புறப்படுகிறது. ஏரிக்கு நீர் தருவது வாலாஜா அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டு. மகேந்திரவாடி ஏரிக்கும் அங்கிருந்துதான் கால்வாய் வருகிறது. பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து ஆந்திரத்தைக் கடந்து வருகிறது. சித்தூர்ப் பக்கத்து நீரைத் திரட்டி வரும் பொன்னை ஆறு அணைக்கட்டுக்கு மேலேயே அதில் சேருகிறது. ஆகவே நெமிலியில் ஒரு தூறல்கூட இல்லாத நாளிலும் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக் கோடி போகலாம். வானிலை மையத்தின் தென் தீபகற்ப முன்னோட்டம் ஐந்து வானிலை உட்பிரிவுகளைச் சேர்த்துச் சொல்வது. அவற்றில் ராயலசீமாவும் தென் உள் கர்நாடகமும் நமக்கு மேல்புறம் இருப்பவை. நம் விவசாயி ‘தமிழ்நாடு’ என்ற வரியோடு நிறுத்தாமல் அந்த இரண்டு பெயர்களையும் தேட வேண்டும்.

இதற்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் இறந்தார்கள். நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. 2021 நவம்பர் 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது பெயர்கூட வைக்கப்படாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். புயலாகவில்லை என்று கடலோரம் ஆறுதல் கொண்ட அதே நாளில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். பாலாற்று அணைக்கட்டில் வெளியேறிய நீர் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தொட்டது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஆனால் டிசம்பர் முதல் தேதி திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், கடலே கண்டிராத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ‘கரையைக் கடந்துவிட்டது’ என்ற செய்தியைக் கேட்டதும் தொலைக்காட்சியை அணைப்பது நம் பழக்கம். உள்மாவட்டத்துக்கு ஆபத்து அதற்குப் பிறகே தொடங்குகிறது.

முன்னோட்டம் பொய்த்துப்போகிறதே, அதை நம்பி என்ன செய்ய என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் எதை எதிர்பார்க்கிறோம் என்பதில் குழப்பம் இருக்கிறது. பருவ முன்னோட்டம் மூன்று மாத மொத்தத்துக்கான வாய்ப்புக் கணக்கு மட்டுமே. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்த வறண்ட ஆண்டின் டிசம்பர் 12 அன்றுதான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. 2023இல் மாநிலத்தின் பருவ மொத்தம் இயல்பை ஒட்டியே முடிந்தது. காயல்பட்டினத்திலோ ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பருவ முன்னோட்டம் விதைநெல் வாங்க உதவும். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட உதவாது. அதற்கு அன்றாட எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களும் மாவட்டத்தில் பெய்யப்போகும் மழையைச் சொல்பவை. ஆற்றில் வரப்போகும் நீரை அவை சொல்லாது. ராணிப்பேட்டை மஞ்சளாகவும் சித்தூர் சிவப்பாகவும் இருந்தால், குசத்தலைக் கரையில் இருப்பவர் பார்க்க வேண்டியது சித்தூரின் நிறத்தை.

பாலாற்றில் தண்ணீர் வருவதே திருவிழா, அதை ஏன் ஆபத்தாகப் பேச வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றுக்கு நீர் வந்தால் பூத்தூவி வரவேற்கும் மக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நீர் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் பகுதியைத் தாண்டித்தான் அணைக்கட்டுக்கு வருகிறது. வெள்ளத்தோடு கழிவைக் கலந்து விடுகிறார்கள் என்பது இந்த ஆற்றங்கரையின் பழைய புகார். தோல் கழிவுக்காக 1996இலும், மறுபடி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஏரியில் நுரையோ நிறமாற்றமோ தெரிந்தால் தேதியிட்ட படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

இயற்கை செய்வதற்கு யாரிடம் உரிமை கேட்பது என்று கையை விரிப்பவர்கள் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் படித்ததில்லை. முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை வைத்திருப்பதும் மக்களுக்குத் தகவல் சொல்வதும் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்தின் கடமை என்கிறது 30ஆவது பிரிவு. முகாமில் உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிடம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது 12ஆவது பிரிவு. நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்க்கக் கூடாது என்பது 61ஆவது. ‘ஏரி உடைந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் பொய்க்குரல் பரப்பிப் பீதி கிளப்புவோருக்கு 54ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் இளைஞர்களிடம் சொல்லிவைக்கலாம்.

பயிரின் கதை சிக்கலானது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் 2022–26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, இரண்டு ஹெக்டேர் வரை. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது அடங்கல் பதிவேட்டில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வேறு கணக்கு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஆனால் இழப்பு உங்கள் வயலை வைத்தல்ல, ஊரின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தனி வயலில் நெல் மூழ்குவதை 2018இல் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரீப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அந்த இழப்பீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். ஆகவே நீர் வடியும் வரை காத்திருக்காமல், நீர் நிற்கும்போதே படம் எடுத்து வையுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி, அக்டோபர் 2, நவம்பர் 1 என இரண்டு கிராம சபைகள் வருகின்றன. நெமிலி வட்டத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் அங்கே ஒரே கேள்வியைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: பாலாற்று அணைக்கட்டில் எத்தனை கனஅடி தாண்டினால், எந்த அலுவலர், எத்தனை மணி நேரத்துக்கு முன்பாக, எங்கள் ஊருக்குச் சொல்வார்?