முடியாத வழக்கு

கடவுள் உண்டென்பாரும் இல்லையென்பாரும் இத்தனை காலம் வாதாடியும் எவரும் எவரையும் வென்றதாகத் தெரியவில்லையே, பின் எதற்காக இந்த வீண்வேலை என்று அன்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவர் குரலில் சலிப்பு இருந்தது. அச்சலிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆத்திகர் சொல்லப்போவதை நாத்திகர் முன்கூட்டியே அறிவார். நாத்திகர் கேட்கப்போவது ஆத்திகருக்கு மனப்பாடம். இருந்தும் இருவரும் சந்தித்துவிட்டால் வழக்கை முதலேட்டிலிருந்து தொடங்கிவிடுகின்றனர். காணி வழக்கிற்கூட இத்தகைய பொறுமையை நம்மவரிடம் காண்பதரிது. ஆயினும், வீண்வேலை என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வழக்குப் பழையது என்பதை முதலிற் சொல்லவேண்டும். மணிமேகலையைக் கற்றவர்கள் இதனை அறிவர். புகார் நகரில் இந்திரவிழாவுக்கு முரசறைகின்றவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறித் தத்தம் பொருளை நிலைநாட்டலாம் என்று அழைக்கின்றான்; அழைத்த கையோடு, பகைவரோடாயினும் கோபமும் பூசலும் வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்கின்றான். எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதிலிருந்து அக்காலத்துப் பட்டிமண்டபங்கள் எப்படி நடந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அக்காவியத்தின் பிற்பகுதியில், மணிமேகலை தவவேடம் பூண்டு வஞ்சி நகரிலே சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். வரிசையின் கடைசியில் நிற்பவன் பூதவாதி. ஆத்திப்பூவையும் கருப்புக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் அவற்றுள் எதிலும் தனியே இல்லாத மதுவின் களிப்புப் பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கின்றது. அவை பிரிந்தால் அதுவும் போகின்றது. கண்ணாற் காண்பதே பிரமாணம், மற்றைய அளவைகள் நில்லா என்று அவன் சொல்லுகின்றான். உவமையின் அழகைப் பாருங்கள். மூளையின் அணுக்கூட்டங்களிலிருந்து மனம் எவ்வாறு தோன்றுகிறது என்று இன்று எழுதுகின்ற விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இந்த உவமையைத்தான் வேறு சொற்களிற் சொல்லுகின்றனர். மணிமேகலை சிரிக்கின்றாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தினாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று கேட்கின்றாள். பூதவாதியிடமிருந்து மறுமொழி இல்லை.

மறுமொழி இல்லை என்பதை நான் சற்று ஐயத்துடனேயே வாசிப்பதுண்டு. எழுத்தாணி சாத்தனார் கையில் இருந்தது. பூதவாதியின் கையில் இருக்கவில்லை. காண்பதை அடிப்படையாகக் கொண்ட அனுமானத்தை ஏற்கின்றேன், காணவே இயலாததைப் பற்றிய அனுமானத்தைத்தான் மறுக்கின்றேன் என்று அவன் சொல்லியிருக்கக்கூடும். சொல்ல இடம் கொடுக்கப்படவில்லை. நம் நாட்டு உலகாயதரின் கதியே இதுதான். நீலகேசியில் பூதவாதச் சருக்கம் இருக்கின்றது. அது சமணர் எழுதியது. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் முதலாவதாக எடுத்து மறுப்பது உலகாயதனை. உலகாயதன் தன் வாயாற் பேசிய தமிழ்நூல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவனை மறுத்தவர்களே அவன் பேச்சை நமக்குக் காத்துத் தந்திருக்கின்றனர். பரபக்கத்தைக் கற்காமல் சுபக்கத்துக்குப் போவது முறையன்று என்று பழைய ஆசிரியர்கள் கொண்டிருந்தமையால், நல்ல சித்தாந்தியாக விரும்பிய ஒவ்வொரு மாணாக்கனும் சிலகாலம் உலகாயதனோடு குடியிருக்க வேண்டியதாயிற்று.

நாத்திகன் என்ற சொல்லே நிலையான பொருளுடையதன்று. வேதத்தை ஏற்காதவர் அனைவரையும் வைதிகர் அப்பெயராலேயே அழைத்தனர். அக்கணக்கின்படி, பூதவாதியைப் பார்த்துச் சிரித்த பௌத்தத் துறவி மணிமேகலையும் நாத்திகைதான்!

இனி, வழக்கு ஏன் முடிவதில்லை என்பதைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியிலே பேட்ரண்ட் றஸ்ஸலும் பிரெடரிக் கொப்பிள்ஸ்ரன் என்ற இயேசுசபைத் துறவியும் கடவுள் உண்டா என்பது பற்றி விவாதித்தனர். இருவரும் கற்றோர், இருவரும் பண்புடையோர், கடவுள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதிலே தொடக்கத்திலேயே உடன்பட்டும்விட்டனர். இதனினும் நல்ல ஏற்பாட்டை எவரும் செய்ய முடியாது. உலகில் உள்ள ஒவ்வொன்றும் இல்லாமலும் இருந்திருக்கக்கூடியது; ஆகவே இவை அனைத்தும் இருப்பதற்கு, இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்று காரணமாக வேண்டும் என்றார் துறவி. தனித்தனிப் பொருள்களுக்குக் காரணம் கேட்கலாம், முழுப் பிரபஞ்சத்துக்கும் காரணம் கேட்பது பொருந்தாது, அது இருக்கின்றது, அவ்வளவே என்றார் றஸ்ஸல். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதனால் மனித குலம் முழுவதற்கும் ஒரு தாய் இருக்கவேண்டுமோ என்று அவர் கேட்டதைப் பலரும் இன்றும் எடுத்தாள்கின்றனர். சதுரங்கப் பலகையின் முன் உட்காரவே மறுப்பவரைத் தோற்கடிக்க முடியாதுதான் என்ற கருத்தில் துறவி பதில் சொன்னார்.

நான் அந்த உரையாடலின் அச்சுப் பிரதியைப் பலமுறை வாசித்திருக்கின்றேன். இருவருக்கும் இடையிலான பிணக்கு உண்மை பற்றியதன்று, கேள்வி பற்றியது. 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போகும் மனம் எந்த இடத்தில் நின்றால் அமைதி அடையும் என்பதிலேதான் இருவரும் வேறுபடுகின்றனர். ஒருவருக்குக் கடவுளில் நிற்கின்றது. மற்றவருக்கு அதற்கு ஒரு படி முன்னதாக உலகிலேயே நின்றுவிடுகின்றது. இதற்குச் சாட்சி அழைத்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் ஏது? ஆனால் எங்கு நிற்பது என்பது ஒருவனுடைய வாழ்வு முழுவதையும் தொடுகின்ற விஷயமாதலால், சும்மா விட்டுவிடவும் முடிவதில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. வாதம் செய்வோர் ஒருவரையொருவர் நோக்கிப் பேசுவதுபோலத் தோன்றினும், உண்மையில் அவர்கள் பேசுவது பக்கத்தில் நின்று கேட்கும் மூன்றாமவனுக்கு. நமது நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் மிகெட்டுவத்தை குணானந்த தேரரும் கிறிஸ்தவத் தரப்பில் டேவிட் டி சில்வா பாதிரியார் முதலியோரும் ஆயிரக்கணக்கான மக்களின் முன் வாதாடினர். அது ஆத்திக நாத்திக வாதமன்று என்று சிலர் சொல்லலாம். படைத்தவன் ஒருவன் உண்டா, அழியாத ஆன்மா உண்டா என்பனவே அங்கு நடுவாக நின்ற வினாக்களாதலால் நான் இங்கு சேர்க்கின்றேன். பாதிரியார் பௌத்தராகவில்லை, தேரர் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனால் அவ்விவாதத்தின் ஆங்கில அச்சுப்பிரதி கடல் கடந்து அமெரிக்காவில் கேணல் ஒல்கொட்டின் கையை அடைந்தது. 1880இல் அவர் காலியில் வந்திறங்கினார். அதன்பின் இந்நாட்டில் பௌத்த பாடசாலைகள் எழுந்த வரலாறு யாவரும் அறிந்தது. வாதம் நடந்த மேடையிலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்தவரே அதன் முக்கியமான கேள்வியாளர் ஆனார்.

இவையெல்லாம் கற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், பிரித்தானியாவின் சட்ட ஏடுகளைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1842இல் ஜோர்ஜ் ஹோலியோக் என்ற இளைஞர் செல்ற்னம் நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சின் முடிவில் ஒருவர் கடவுளுக்குரிய கடமையைப் பற்றிக் கேள்வி கேட்க, ஏழ்மை மிகுந்த இக்காலத்திற் கடவுளுக்கு அரைச் சம்பளம் போதும் என்ற பொருளில் அவர் விடை சொன்னார். அதற்காக ஆறு மாதச் சிறை. அவர் சிறையில் இருந்தபோது அவருடைய சிறு மகள் இறந்துபோனாள். சாள்ஸ் பிராட்லோ 1880இல் நோதாம்ரன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். கடவுள் பெயரால் ஆணையிடுவது பற்றிய சிக்கலால் ஆசனம் மறுக்கப்பட்டார். பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்திலே ஓரிரவு காவலிலும் வைக்கப்பட்டார். தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தெரிவு செய்தனர். 1886இல்தான் அவர் ஆசனத்தில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், விரும்பியோர் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தையும் நிறைவேற்றுவித்தார். அதே ஆண்டுகளிற் சென்னையில் இந்து சுயாக்கியான சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற வாரப் பத்திரிகையைத் தமிழில் நடத்திவந்தனர் என்பதும் நம்மிற் பலர் மறந்துபோன செய்தி.

பிராட்லோவின் தோழியாக இருந்த அன்னி பெசண்ட் அம்மையாரின் கதை இன்னும் உருக்கமானது. பாதிரியார் ஒருவரின் மனைவியாயிருந்து, நம்பிக்கை இழந்து, கணவரைப் பிரிந்தவர். 1878இல் நீதிமன்றம் அவருடைய பெண்குழந்தையை அவரிடமிருந்து எடுத்துக் கணவரிடம் ஒப்படைத்தது. அம்மையாரின் நாத்திகக் கொள்கை அத்தீர்ப்பிற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு ஒரு தாய் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைப் பாருங்கள். அதே அம்மையார் 1889இல், மதிப்புரை எழுதுவதற்காகக் கொடுக்கப்பட்ட பிளவட்ஸ்கியின் நூல் ஒன்றை வாசித்துப் பிரமஞான சங்கத்தில் சேர்ந்துவிட்டார்! பல ஆண்டு மேடைகளில் எத்தனையோ பாதிரிமாரால் அசைக்க முடியாதவரை, தனிமையில் வாசித்த ஒரு நூல் அசைத்துவிட்டது. மனிதர் மாறுவதுண்டு. எதிரியின் முன்னிலையில் மாறுவதில்லை, அவ்வளவுதான்.

நமது நாட்டு நாத்திகர் என்றவுடன் ஆபிரகாம் கோவூர் அவர்களின் பெயரே எல்லார்க்கும் நினைவில் வரும். திருவல்லாவில் கிறிஸ்தவக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பிக்க வந்தவர். அங்கே வேதபாடம் கற்பிக்கும் பொறுப்பும் தம்மிடம் வந்ததாகவும், மாணவர்கள் பரீட்சையில் நன்கு சித்தியெய்தியபோதிலும் மறுவருடம் அப்பாடம் தம்மிடமிருந்து எடுக்கப்பட்டதாகவும் அவர் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்குப் புள்ளி கிடைத்தது, விசுவாசம் போய்விட்டது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணமாம்! 1963இல், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அவர் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வெல்லவில்லை.

கோவூரைப் பற்றி எனக்கொரு கருத்துண்டு, அன்பர்கள் சினங்கொள்ளவேண்டாம். பேய், சூனியம், வெறுங்கையில் திருநீறு வரவழைத்தல் ஆகியவை சோதித்துத் தீர்க்கக்கூடிய வழக்குகள். அவற்றில் அவர் வென்றார். பேய் பிடித்ததாக அடிபட்டுக் கிடந்த பல பெண்களுக்கு அவ்வெற்றி பெரிய உபகாரம். ஆனால் அந்த வழக்கில் வென்றதால் மற்ற வழக்கிலும் வென்றுவிட்டதாக அவருடைய சீடர்கள் சிலர் கொண்டனர். றஸ்ஸலும் துறவியும் பேசிய வழக்கு அந்த மன்றுக்கு வரவேயில்லை. மறுபுறத்தில், போலிச் சாமியாரை விட்டுக்கொடுத்தால் கடவுளையே விட்டுக்கொடுத்ததாகும் என்று அஞ்சிய பக்தர்கள் செய்த பிழையும் இதுவேதான்.

எங்கள் ஊர் வாசிகசாலைத் திண்ணையில் நடந்த வாதம் ஒன்றை இங்கு சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பகுத்தறிவுவாதி; அம்மன் கோயில் மனேச்சர் மற்றவர். பின்னேரம் பத்திரிகை பார்க்க வந்தால் விளக்கு வைக்கும்வரை இருவரும் வாதாடுவர். இளைஞர்களாகிய நாங்கள் சுற்றி நின்று கேட்போம். திருவிளையாடற் புராணத்தில் மனேச்சர் தடுமாறினால் ஆசிரியரே அடியெடுத்துக் கொடுப்பார். பின்னர் அதையே மறுப்பார். இருபது வருடங்கள் இப்படிக் கழிந்தன.

ஆசிரியர் இறந்தபோது, தமக்குக் கிரியை எதுவும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார். மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்து, ஊர் என்ன சொல்லும், குருக்களை அழைத்துச் சுண்ணம் இடிக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். இனசனமும் அவர் பக்கம். வீட்டுக்காரியோ பக்தை, அழுதவண்ணம் ஒன்றும் பேசாதிருந்தார். அப்போது மனேச்சர் முற்றத்துக்கு வந்தார். அவர் கிரியைக்குச் சார்பாகவே பேசுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"தம்பி, வாத்தியார் வேண்டாமெண்டு எழுதினால் வேண்டாம்தான். இருபது வருஷம் அவரோடை வாதாடினனான். அவற்றை வாய் மூடின பிறகு நான் வெல்லக்கூடாது" என்றார்.

கிரியையின்றியே உடல் சுடலைக்குப் போயிற்று. முப்பத்தோராம் நாள் அம்மையார் தம் மனநிம்மதிக்காகக் கீரிமலைக்குப் போக விரும்பினார். மகன் முன்னைய கோபத்தில் வரமாட்டேன் என்றார். காரைப் பிடித்து அம்மையாரை அழைத்துப் போனவரும் மனேச்சர்தான். வாத்தியாரின் எழுத்துக்கு இது விரோதமில்லையா என்று வழியில் நான் கேட்டேன். எழுத்து அவருடைய உடம்புக்கு, மனுஷியின் மனதுக்கு அவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லையே என்று மறுமொழி வந்தது. வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் இந்த நியாயத்தை இலேசில் விட்டிருக்கமாட்டார். மனேச்சரும் அதை அறிந்தே இருந்தார் போலும். சொல்லிவிட்டு, காரின் பின்னிருக்கையில் தமக்குப் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார். அதன்பின் சில மாதங்கள் வாசிகசாலைக்கு அவர் வரவில்லை. வந்தபோது, கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கோயிற் கணக்கைப் பற்றி ஏதோ துடுக்காகக் கேட்டான். மனேச்சர் சால்வையை மடித்துத் திண்ணையிற் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.