கடுகின் பெற்றோர்

குளிர்காலத்தில் ராஜஸ்தான வயல்களை மஞ்சளாக்கி நிற்கும் இந்தியக் கடுகு, இரு வேறு இனங்களின் கலப்பில் பிறந்த பயிராகும். இதற்குச் சான்று அதன் உயிரணுவிலேயே உள்ளது.

கருங்கடுகின் உயிரணுவில் 16 குரோமோசோம்கள் உள்ளன. தோரியாவும் டர்னிப்பும் அடங்கிய இனத்தில் 20. மகரந்தமும் சூலும் இவற்றில் பாதியையே சுமப்பதால், இவ்விரண்டும் கலந்து பிறந்த செடிக்கு 8-உம் 10-உம் சேர்ந்து 18 கிடைத்தன. இணை சேரும் துணையின்றி இத்தகைய செடி பெரும்பாலும் மலடாகும். ஆயினும், குரோமோசோம்கள் இரட்டித்து 36 ஆனபோது ஒவ்வொன்றும் துணை பெற்றது. வளமான புதிய இனம் தோன்றியது. இவ்வுறவை ஜப்பானில் யூ நகஹாரு 1935-ஆம் ஆண்டில் விளக்கினார். 2016-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆராய்ச்சியும் இதனை உறுதிப்படுத்தியது.

இத்தகைய கலப்பு இயற்கையில் அரிது. ஆதலின், பெற்றோரின் மரபுச் செல்வத்தில் சிறு பகுதியே கடுகினை வந்தடைந்தது. எஞ்சியதைப் பெறும் பொருட்டு, ஆராய்ச்சியாளர் பெற்றோர் இனங்களை மீண்டும் கலந்து புதுக் கடுகினை உருவாக்குகின்றனர்.

எனவே, விளைச்சல் குறைவென்று உழவர் கைவிடும் பழைய தோரியா வகைகளைக் களப்பணியாளர் புறக்கணித்தலாகாது. அவ்விதை அழியுமாயின், கடுகினைச் சீர்திருத்தும் வழியொன்றும் அதனுடன் அடைபட்டுவிடும்.