நாய் ஏன் உங்களை ஒட்டியே படுக்கிறது?

கதிரையில் இருந்தால் காலடியில் படுக்கும். பாயை விரித்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பு நாயின் இந்தப் பழக்கம் வெறும் செல்லம் அல்ல.

நாய்க்குட்டிகள் கண்ணும் காதும் மூடிய நிலையிலேயே பிறக்கின்றன. முதல் வாரங்களில் உடல் வெப்பத்தைத் தாமாகக் காத்துக்கொள்ள அவற்றால் முடியாது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடந்தே உயிர் தப்புகின்றன. வளர்ந்த பின்னர் அந்தப் பாதுகாப்பை வளர்ப்பவரிடம் தேடுகின்றன.

நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது, இரு தரப்பின் உடலிலும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் அதிகரித்ததாக ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் தெரிவித்தனர். தாயையும் சேயையும் பிணைக்க உதவுவதும் இதே ஹோர்மோன்தான். மனிதர் வளர்த்த ஓநாய்களில் இந்த மாற்றம் காணப்படவில்லை.

அச்சமும் ஒரு காரணம். இடி முழங்கும்போதும் திருவிழாவில் வெடி கொளுத்தும்போதும் நாய் நடுங்கிக்கொண்டு நம்மிடம் ஓடி வருகிறது. எறிகணைச் சத்தத்தில் பதுங்குகுழிக்குள் ஒருவரையொருவர் இறுகப் பற்றியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவ்வேளையில் அதை விரட்டாதீர்கள். அருகில் இருக்க விடுங்கள்.

வழக்கத்துக்கு மாறாகத் திடீரென ஒட்டிக்கொண்டே திரிந்தால், வலியோ நோயோ இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.