அலுமினியப் பாய்மரத்தில் அரிப்பு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைவீதிக்குச் சாலை என்று பெயர். பாத்திரக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் அங்கு நிறைந்துள்ளன. புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுதும் வைத்தால் உட்புறத்தில் குழி விழும் என்பதை அங்குப் பாத்திரம் வாங்குவோர் யாவரும் அறிவர். அலுமினியத்திற்கு வேறொரு பகையும் உண்டு. உப்பு நீரில் நனைந்தபடி மற்றொரு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதே அது. பாய்ப்படகுக்குத் திருகாணி வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பாய்மரம் என்று பெயர் இருப்பினும், இக்காலத்துப் பயிற்சிப் படகுகளிலும் பந்தயப் படகுகளிலும் அலுமினியக் கலவைக் குழாய்களே பெருவழக்காக உள்ளன. பாயை விரித்துத் தாங்கும் பருமலும் அவ்வாறே. அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆயினும், வடங்கள் பூட்டப்படும் இடத்தில் குழாய் அரிக்கப்பட்டால், பலத்த காற்றில் பாய்மரம் முறிந்து படகிலுள்ளோர் மீது வீழக்கூடும். தேசிய மாணவர் படையின் கடற்பிரிவை நடத்தும் ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

அரிப்பின் காரணம்

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஓர் ஆக்ஸைடுப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்குகளே. எனினும், கீறல் விழுந்தாலும் உடனே மீண்டும் வளரும் இயல்புடைய இப்படலமே உலோகத்தைக் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு அதனை ஆங்காங்கே துளைக்கிறது. துருப்பிடியாத எஃகோ, பித்தளையோ, செம்போ அவ்விடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் உப்பு நீரின் வழியே ஒரு மின்கலம் அமைந்துவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். ஆணி பளபளப்பாகவே இருக்கும். ஆகவே, ஆணியின் பொலிவைக் கண்டு பாய்மரம் நலமாக உள்ளதென்று எண்ணுதல் தவறாகும்.

இவ்வுண்மையை உலகம் மரக்கப்பல் காலத்திலேயே கண்டது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடிப்புறத்தில் செப்புத் தகடு பொருத்தப்பட்டது. பின்னர் அதனைச் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த காகிதம் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. இரு உலோகங்களையும் பிரித்து வைப்பதே காப்பு என்பதை அக்காகிதம் உணர்த்திற்று.

நம் நாட்டில், 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை ஆராய்ந்து வந்துள்ளது.

சோதிக்கும் முறை

ஆணிகளைச் சுற்றி வெண்பொடி கசிந்துள்ளதா, வர்ணம் கொப்பளித்துள்ளதா என்று முதலில் நோக்குக. அரிப்பினால் உண்டாகும் வெண்பொருள் கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கொள்வதால், வர்ணத்தை உயர்த்துவதோடு திருகாணியையும் இறுகச் செய்யும். அடுத்துப் பாய்மரத்தின் அடியை நோக்குக. அங்குள்ள வடிகால் துளை அடைபட்டால் உப்பு நீர் தேங்கிக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும்.

பரிகாரம்

கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவுதல் முதற் கடமை. சலவைச் சோடா போன்ற காரங்கள் அலுமினியத்தைக் கரைப்பதால் அவற்றைப் பயன்படுத்தலாகாது. எஃகுக் கம்பித் தேய்ப்பானும் கூடாது. அதன் துகள்கள் பதிந்து புதிய அரிப்புக்கு வித்திடும்.

எஃகு ஆணி தவிர்க்க முடியாததாயின், அதற்கும் குழாய்க்கும் இடையே நைலான் வளையமும் உறையும் இடுக. திருகுப் புரியில் நீர் புகாதபடி லானோலின் போன்ற பசையைத் தடவுக. கிராபைட் கலந்த மசகை அறவே விலக்குக. கிராபைட்டும் செம்பைப் போலவே அலுமினியத்தை அரிக்கச் செய்யும். பெரிய எஃகுத் தகட்டைச் சிறு அலுமினியத் தறையாணியால் பூட்டுதல் மிகவும் தீங்கானது. அரிப்பு முழுவதும் அச்சிறு ஆணியின்மீது விழுந்து அது விரைவில் அழியும்.

குழி ஆழமாயிருப்பின் அதன்மேல் வர்ணம் பூசி மறைத்தல் ஆபத்து. பற்றவைத்தலும் எளிய தீர்வன்று. வெப்பத்தினால் இக்கலவை தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. தேர்ந்தவரிடம் காட்டித் தேவையாயின் குழாயை மாற்றுவதே முறை.

வகுப்பறைச் சோதனை

ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. முதலாவதில் அலுமினியத் துண்டை மட்டும் இடுக. இரண்டாவதில் செம்புக் கம்பி இறுகச் சுற்றிய துண்டையும், மூன்றாவதில் இடையே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கம்பி சுற்றிய துண்டையும் இடுக. சில நாட்களில் இரண்டாம் குவளையில் வெண்பொருள் மிகுதியாகத் தோன்றக் காணலாம். ‘அலார்ம்’ கப்பலின் காகிதம் கற்பித்த பாடத்தை மூன்றாம் குவளை மாணவர்க்குக் கற்பிக்கும். பின்னர் அவர்களையே அழைத்துச் சென்று பாய்மரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் செய்தல் நன்று.