1 எம்பி தெருவும் 640 கேபி சுவரும்

32 பிட் விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம் போட்டாலும், 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று காட்டும். "மீதி எங்கே? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்று சந்தேகம் வரும். பாவம், அவர் மேல் தப்பில்லை. விஷயம் 1981-லேயே ஆரம்பித்துவிட்டது.

மெமரி என்பது ஒரு நீளமான தெரு. வீட்டுக்கு ஒரு பைட் குடியிருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண். பிராசஸர் அந்த எண்ணைக் கம்பிகள் வழியாகச் சொல்லும். ஒரு கம்பி 0 அல்லது 1 மட்டும்தான் சொல்லும். 1 கம்பி என்றால் 2 வீடு, 2 கம்பிக்கு 4, 3 கம்பிக்கு 8. அவ்வளவுதான், கம்பி எண்ணத் தெரிந்தால் போதும் (ஜெயில் கம்பி இல்லீங்க!).

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 சிப் இருந்தது. அதற்கு 20 முகவரிக் கம்பிகள். எனவே 10,48,576 வீடுகள், அதாவது 1 எம்பி. அதற்கு மேல் ரேம் இருந்தாலும் நேரடியாகக் கூப்பிட முடியாது. எண்ணே இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்?

அந்த 1 எம்பியாவது முழுசாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை! திரைக்கும் அதே தெருவில்தான் வீடு. திரைக்கான முதல் வீட்டில் 65 என்று எழுதினால், திரையின் இடது மேல் மூலையில் ஆங்கில 'ஏ' தெரியும். ஸ்விட்ச் போட்டதும் 8088 முதலில் எட்டிப் பார்ப்பது தெருக்கோடிக்கு 16 வீடு முன்னால் உள்ள எண்ணை. அதனால் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் அந்தக் கோடியில் இருந்தே ஆக வேண்டும். இப்படி மேலே உள்ள 384 கேபி வன்பொருளுக்குப் போனது. புரோகிராம்களுக்கு மிஞ்சியது 640 கேபி.

வெறும் 16 கேபி ரேமோடும் பிசி விற்ற காலம் அது. 640 கேபி கடல் மாதிரி தெரிந்தது. சில வருஷத்திலேயே அது போதவில்லை. 1985-ல் வந்த 80386 சிப்புக்கு 32 கம்பிகள், அதாவது 4 ஜிபி! ஆனாலும் டாஸ் புரோகிராம்களுக்கு 640 கேபி சுவர் அப்படியே நின்றது. ஏன்? திரையின் வீட்டை இடம் மாற்றினால், பழைய எண்ணிலேயே எழுதிப் பழகிய புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிடும்.

4 ஜிபி விஷயமும் இதேதான். 32 பிட் தெருவிலும் கிராபிக்ஸ் கார்டு முதலான வன்பொருள்களுக்குக் கதவு எண் வேண்டும். அந்த எண்கள் போக மீதிதான் ரேமுக்கு. 64 பிட்டுக்கு மாறினால் இந்த நெருக்கடி தீரும்.

கம்பியைக் கூட்டிவிடலாம். ஆனால் ஊருக்கெல்லாம் ஒருமுறை கொடுத்துவிட்ட விலாசத்தை மாற்றுவதுதான் கஷ்டம்!

மூளைக்கு வேலை: 1984-ல் வந்த பிசி ஏடியின் 80286 சிப்புக்கு 24 கம்பிகள். தெருவின் நீளம் எத்தனை எம்பி?
(விடை: 16)